விடுதலைக்கு மறுநாள்

அடிமைமுறையை ஒழித்தபோது நஷ்டஈடு யார் கைக்குப் போனது? 1833-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்துச் சட்டம் இயற்றியபோது, கூடவே 2 கோடி பவுண்டும் ஒதுக்கியது. அத்தனையும் அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. தலைமுறை தலைமுறையாகக் கரும்பு வெட்டியவர்களுக்கு ஒரு பென்னிகூட இல்லை. 1862-ல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் அடிமைகளை விடுவித்தபோதும் இதே கதைதான்: எஜமானருக்குத் தலைக்கு 300 டாலர் வரை. விடுபட்டவருக்கும் அந்தச் சட்டம் ஒரு தொகை சொன்னது. ஹைதிக்கோ லைபீரியாவுக்கோ போய்விடச் சம்மதித்தால் 100 டாலர் வரை. உழைத்த மண்ணை விட்டு அகலுவதற்கு மட்டும் கூலி!

மூன்றாண்டுகள் கழித்து உள்நாட்டுப் போர் முடிந்து, ஏறத்தாழ 40 லட்சம் பேர் விடுபட்டார்கள். விடுபட்ட அன்று அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதைவிட, மறுநாள் அவர்கள் யாருடைய நிலத்தில் நின்றார்கள் என்பதே அடுத்த நூறு ஆண்டுகளைத் தீர்மானித்தது. இதைப் பேச அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. ராமநாதபுரம் கடற்கரையில், மண்டபத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட அந்தச் சின்ன மணல்துண்டிலும் அதன் பின்னுள்ள சீமையிலும், விடுதலைக்கு மறுநாள் என்பது மூன்று முறை வந்திருக்கிறது. மூன்று முறையும் அரசு அறிவித்தது, நிலம் கொடுக்கவில்லை, கடன் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இந்தியாவில் அடிமைமுறையை ஒழித்த சட்டம் 1843-ன் ஐந்தாம் சட்டம். சின்னஞ்சிறு சட்டம். அடிமை என்ற உரிமையை வைத்து எவரும் நீதிமன்றம் ஏற முடியாது. வரிப்பாக்கிக்காக அரசு அதிகாரி எவரும் மனிதரை விற்கக் கூடாது. அடிமை என்று சொல்லி ஒருவரின் சொத்தைப் பிடுங்கக் கூடாது. அடிமைக்கு இழைக்கும் குற்றமும் குற்றமே. அவ்வளவுதான். ஒருவரை அடிமையாக வைத்திருப்பதைக் குற்றம் என்று சொல்லவே 1862-ல் இந்திய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வர வேண்டியிருந்தது. தஞ்சை, திருச்சி நன்செய்க் கிராமங்களில் பள்ளரும் பறையரும் சட்டம் வந்த மறுநாளும் அதே வரப்பில்தான் நின்றார்கள். பெயர் மட்டும் பண்ணையாள், படியாள் என்றானது. நெல் அளந்த படியும் மிராசுதார் கையிலேயே இருந்தது, குடியிருந்த குடிசை மண்ணும் அவருடையதாகவே இருந்தது.

ராமநாதபுரம் சற்று வேறு. இது வறண்ட சீமை, கண்மாய் பெருகினால் சோறு, இல்லையென்றால் பயணம். 1803-ல் நிரந்தர ஜமீனாக ஆக்கப்பட்ட இந்தச் சீமையில் தரிசு உட்பட நிலமெல்லாம் ஜமீன் கணக்கில் இருந்தது. 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கையும், அதையொட்டி 1892-ல் வந்த அரசாணையும் சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தரிசு நிலம் தர வழிசெய்தன. இன்று பஞ்சமி நிலம் என்கிறோமே, அது. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால், அரசு தன் கையில் இருந்த தரிசைத்தான் கொடுக்க முடியும். ஜமீன் சீமையில் அரசிடம் கொடுக்கத் தரிசே இல்லை. பஞ்சமி நிலம் கிடைத்த இடங்களிலேயே அது எத்தனை கைமாறியது என்பது வேறு கதை. இங்கே கைமாறுவதற்குக்கூட இல்லை.

அமெரிக்காவில் இதற்கு இணையான ஒரு வாக்குறுதி உண்டு. 1865 ஜனவரி 16 அன்று தளபதி ஷெர்மன் பிறப்பித்த பதினைந்தாம் எண் ஆணை, தென் கரோலினாவிலிருந்து ஃபுளோரிடா வரையிலான கடலோரத் தீவுகளையும் கரையோர நெல்வயல்களையும் விடுபட்டவர்களுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வீதம் ஒதுக்கியது. ஏறத்தாழ 40,000 பேர் குடியேறி உழவும் தொடங்கிவிட்டார்கள். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். எடிஸ்டோ தீவின் தேவாலயத்தில் கூடியிருந்த மக்களிடம் அந்தச் செய்தியைச் சொல்ல, விடுபட்டோர் நலத்துக்கென்று அமைக்கப்பட்ட துறையின் தலைவரான தளபதி ஹோவர்டே போக வேண்டிவந்தது. நலத்துறைத் தலைவரை அனுப்பி நிலத்தைப் பறிக்கும் ஏற்பாடு நமக்கும் பழக்கமானதுதான்.

நிலம் போன பிறகு வந்தது ஒப்பந்தம். 1865 நவம்பரில் மிசிசிப்பி மாநிலம் இயற்றிய கறுப்பர் சட்டங்களின்படி, ஒவ்வொரு ஜனவரியிலும் கறுப்பினத்தவர் தமக்கு வேலை இருக்கிறது என்பதற்கு எழுத்துபூர்வமான சான்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நாடோடிக் குற்றம், அபராதம், அபராதத்தைக் கட்டுகிறவரிடம் வேலை. வாரச்சாகுபடி, கடையில் பற்று, அறுப்பில் கழிவு, மறுபடி பற்று. பருத்திக் காட்டில் சவுக்கடி குறைந்தது, கணக்குப்புத்தகம் தடித்தது.

நடுவே ஒரு விஷயம். அந்தப் போர் நடந்த 1861 முதல் 1865 வரை அமெரிக்கப் பருத்தி லங்காஷயர் ஆலைகளுக்குப் போகாததால், நம் கரிசல் சீமைப் பருத்தி விலை ஏறியது. ‘தின்னவேலிப் பருத்தி’ தூத்துக்குடித் துறைமுகம் வழியே லிவர்பூலுக்குப் போனது. போர் முடிந்ததும் விலை விழுந்தது. ஏறிய விலையை நம்பிக் கடன் வாங்கிய சம்சாரி கடனோடு நின்றார். அங்கே அடிமை விடுபட்டதும் இங்கே சம்சாரி கடன்பட்டதும் ஒரே சந்தையின் இரு முனைகள்.

ராமநாதபுரம் கரையின் முதல் ‘மறுநாள்’ காப்பியில் தொடங்கியது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை உழைப்பு நின்றதும் அங்கே காப்பி விளைச்சல் சரிந்தது; இலங்கையின் கண்டி மலைகளில் தோட்டங்கள் பெருகின. 1820-களின் கடைசியிலேயே ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து 150 பேரைக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். அவர்களில் பலர் ஓடி வந்துவிட்டார்கள். 1840-களில் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் கரைகளிலிருந்து வள்ளம். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ள, மாத்தளை என்று நடை. வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியெங்கும் ஆயிரக்கணக்கான உயிர்களைத் தின்றன. அந்தப் பாதையில் நடந்தவர்களில் பெரும்பகுதி 1843-ன் சட்டம் விடுவித்ததாகச் சொன்ன அதே சாதியினர். 1876–78 தாது வருஷப் பஞ்சம் மிச்சமிருந்தவர்களையும் கரைக்குத் தள்ளியது.

மொரீஷியஸுக்கும் ஃபிஜிக்கும் போனவர்களுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தது. இலங்கைக்குப் போனவர்களுக்கு அது இல்லை. ஒப்பந்தம் இல்லாததால் இலங்கைத் தொழிலாளி சுதந்திரமானவர் என்று தோட்டத் துரைமார் பெருமையாக எழுதி வைத்தார்கள். கட்டிப்போட ஒப்பந்தக் காகிதம் எதற்கு, கங்காணி இருக்கும்போது?

கங்காணி பெரும்பாலும் அதே ஊர்க்காரர், சில படி மேல்சாதிக்காரர். ஊரில் இருந்த கைமாற்றுக் கடனை அடைத்து, பயணச் செலவு, வழிச்சோறு, மலைக்குளிருக்குக் கம்பளி எல்லாவற்றையும் முன்பணமாகப் போட்டு ஆள் கட்டுவார். அத்தனையும் தொழிலாளி தலையில் ஏறும். தோட்டத்தில் கூலி மாதக்கணக்கில் நிலுவை. வந்தாலும் கங்காணி வழியாக வரும். தோட்டம் கொடுத்த அரிசிக்குக் கழிவு. தன் கூட்டத்தில் இத்தனை பேர் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, வந்தார்கள் என்று கங்காணிக்குத் தலைக்காசு தனி. காலையில் பேர் விழாவிட்டால் தொழிலாளிக்குக் கூலி இல்லை, பாதி வேலைக்கு அரைப்பேர். கடன் மட்டும் நோயிலும் மழையிலும் நிற்காமல் வளரும்.

இதன் உச்சம் துண்டு முறை. ஒரு தோட்டத்துத் துரை கங்காணியிடம் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார்: இந்தக் கங்காணியும் இவருடைய இத்தனை ஆட்களும் எனக்கு இவ்வளவு கடன், அதை அடைப்பவருக்கு இவர்களை விட்டுத்தருகிறேன். கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். ஆள் தட்டுப்பாடு உள்ள துரை கடனை அடைத்து, மேற்கொண்டும் கொஞ்சம் கொடுத்து வாங்கிக்கொள்வார். மேற்கொண்டு கொடுத்ததும் கடன்தான். ஒவ்வொரு கைமாற்றத்திலும் அந்தத் தொகை பெருத்தது. ஏலமேடையும் சங்கிலியும் இல்லை. விற்கப்படுவது மனிதர் அல்ல, மனிதர் பட்ட கடன் என்று எல்லோரும் மனச்சாட்சியோடு இருக்கலாம். இலங்கையில் அடிமைமுறை 1844-லேயே முழுவதுமாக ஒழிக்கப்பட்டுவிட்டது. துண்டு முறையை ஒழித்தது 1921-ல். இடைப்பட்ட 77 ஆண்டுகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஓடிப்போனால்? 1865-ல் இலங்கை இயற்றிய தொழிலாளர் சட்டப்படி, முன்னறிவிப்பு இல்லாமல் வேலையை விட்டால் சிறை. இந்தியாவில் 1859-லேயே அதற்கு அண்ணன் பிறந்துவிட்டது: முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம் என்ற ஒப்பந்த மீறல் சட்டம். கடன் வாங்கிய மிராசுதார் கட்டாவிட்டால் உரிமையியல் வழக்கு. கடன் வாங்கிய கூலி வேலை செய்யாவிட்டால் சிறை. 1925-ல்தான் அந்த இந்தியச் சட்டத்தை நீக்கச் சட்டம் வந்தது. அமெரிக்காவில் அலபாமா மாநிலமும் இதே தந்திரத்தைக் கையாண்டது. முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டவர் ஏமாற்றும் எண்ணத்தோடுதான் வாங்கினார் என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். 15 டாலர் முன்பணம் வாங்கி, மாதம் 12 டாலர் சம்பளத்துக்கு ஓராண்டு ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குச் சற்று மேல் வேலை செய்துவிட்டுப் போன அலோன்சோ பெய்லி என்ற கறுப்பினத் தொழிலாளியின் வழக்கில், 1911-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. கடனைக் காட்டி உழைப்பைக் கட்டாயப்படுத்துவது, அடிமைமுறையை ஒழித்த பதின்மூன்றாவது திருத்தத்துக்கே விரோதம் என்றது. 15 டாலரில் இருந்தது அடிமைத்தனத்தின் மிச்சம்.

1914-ல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்தன. நடை குறைந்தது, சாவு குறைந்தது. ஆள் ஏற்றுமதி ஒழுங்கானது. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் இருந்த முகாமின் இடத்தை மண்டபம் பிடித்தது. இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திய முகாம். உடம்பைச் சோதித்து, துணியை வெந்நீராவியில் போட்டு, அம்மை குத்தி, சில நாள் தனிமையில் வைத்து, பிறகு கப்பல். ஆளுக்கு எந்தத் தோட்டம் என்பதை மாவட்ட எழுத்தும் எண்ணும் பொறித்த தகரச் சீட்டு சொல்லும். படிக்கத் தெரியாதவர் தொலைந்துபோகாமல் இருக்க அந்த ஏற்பாடு என்பார்கள். உண்மையும் கூட. தோட்டத்தின் பணம் தொலைந்துபோகாமல் இருக்கவும்தான். ரயில் நிலையத்துக்கு இன்றும் ‘மண்டபம் கேம்ப்’ என்றே பெயர்.

பாலம் வருவதற்கு முன், 1897 ஜனவரியில் சிகாகோ வெற்றிக்குப் பின் விவேகானந்தர் இலங்கையிலிருந்து வந்து இறங்கியதும் பாம்பனில்தான். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி தாமே அவர் வண்டியை இழுத்தார். ராமேசுவரம் கோயிலில் அவர் ஏழைகளிடத்தில் சிவனைக் காணச் சொல்லிப் பேசினார். மன்னர் ஆயிரக்கணக்கான ஏழைகளுக்கு அன்னமும் ஆடையும் வழங்கினார். அதே கரையிலிருந்து ஏழைகள் வள்ளம் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அன்னம் ஒருநாள், நிலம் ஜமீனில்.

இரண்டாவது ‘மறுநாள்’ எதிர்த்திசையில் வந்தது. 1948-ல் இலங்கை விடுதலை பெற்ற கையோடு இயற்றிய குடியுரிமைச் சட்டம் தோட்டங்களில் வாழ்ந்த மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-ல் இந்திராவும் சிறிமாவோவும் அதை ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். பங்கிடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. கடன் சீட்டோடு மனிதர் கைமாறியதைப் பார்த்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள், இப்போது இரண்டு பிரதமர்களின் கையெழுத்தோடு கைமாறினார்கள்.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆகுமுன் 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதனால் திரும்பியவர்களைத் தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்கு ‘ராமானுஜம்’ கப்பல் கொண்டுவந்தது. பாட்டன் தகரச் சீட்டோடு காத்திருந்த மண்டபம் முகாமில் பேரன் குடும்ப அட்டையோடு காத்திருந்தான். 1984-ல் கப்பல் நிற்கும்வரை இது தொடர்ந்தது. மொத்தம் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியா வந்தார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: இந்திய அரசு இவர்களுக்காக ஒன்றும் செய்யவில்லை என்பது தவறு. 1968-ல் தொடங்கி 1976-ல் தனி நிறுவனமான தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் (டான்டீ) நீலகிரியில் பலருக்கு வேலை கொடுத்தது. கன்னியாகுமரியிலும் கேரளத்தின் புனலூரிலும் கர்நாடகத்தின் சுள்ளியாவிலும் ரப்பர்த் தோட்டங்கள். சில நூற்பாலைகளில் வேலை. 1969-ல் திரும்பியோருக்கென்று தொடங்கிய ரெப்கோ வங்கி இன்றும் நிலைத்து நிற்கிறது. அமெரிக்காவில் விடுபட்டோர் பணம் போட்டுவைத்த ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கி 1874-ல் திவாலாகி, துணி வெளுத்தும் பாத்திரம் தேய்த்தும் சேர்த்த காசைக் கொண்டுபோனதை நினைத்தால், இது சிறிய சாதனையல்ல.

ஆனால் பெரும்பான்மையோருக்குக் கிடைத்தது ‘வியாபாரக் கடன்’, 5,000 ரூபாய். கொழுந்து கிள்ளவும் கவ்வாத்து வெட்டவும் தெரிந்த குடும்பத்தை, மூன்று தலைமுறைக்கு முன் பாட்டன் விட்டுப்போன ஊருக்கு அனுப்பி, பெட்டிக்கடை வை என்றது அரசு. ஊரில் அவர்கள் ‘சிலோன்காரர்’. சாதியை மட்டும் ஊர் மறக்காமல் ஞாபகம் வைத்திருந்தது. தரகருக்கு ஒரு பங்கு, வைத்தியத்துக்கு ஒரு பங்கு, மிச்சத்தில் நடந்த கடை சில மாதத்தில் மூடியது. தெரிந்த ஒரே இடமான மலையைத் தேடி, கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் கொடைக்கானலுக்கும் போனார்கள். கொடைக்கானல் மலைகளில் கூப்புக் குத்தகைக்காரர்கள் முன்பணத்தோடு காத்திருந்தார்கள். 1980-களில் அந்தக் காடுகளில் மரம் வெட்டியும் வாட்டில் பட்டை உரித்தும் கொத்தடிமைகளாகக் கிடந்த தாயகம் திரும்பியோர் கண்டறியப்பட்டு, விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. இந்தியக் குடிமக்கள் என்று சர்வதேச ஒப்பந்தம் போட்டு அழைத்துவரப்பட்டவர்கள், கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்து பத்தாண்டு ஆகும் நேரத்தில், கொத்தடிமைகள்.

டான்டீயில் வேலை கிடைத்தவர்களும் வேறொரு சிக்கலில் இருக்கிறார்கள். வீடு தோட்டத்துடையது; ஓய்வுபெற்றால் காலி செய்ய வேண்டும். கழகம் நஷ்டத்தில் ஓட, 2022-ல் நிலத்தின் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக்கொடுக்க முடிவெடுத்தபோது, அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு எது ஊர் என்ற கேள்வி வந்தது. தோட்டத்து வரிசைவீடான லயத்திலிருந்து லயத்துக்கு வந்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் கூடக் கிடையாது என்பதுதான் பிரச்சினையின் அடி. வேலையையும் கூரையையும் ஒரே முதலாளி கொடுத்தால், அது அரசாகவே இருந்தாலும், வேலை போகும் நாளில் கூரையும் போகும்.

மூன்றாவது ‘மறுநாள்’ இப்போது நடந்துகொண்டிருப்பது. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து 1976-ல் நிலைபெற்ற கொத்தடிமைமுறை ஒழிப்புச் சட்டம், எழுத்தில் பார்த்தால் உலகின் எந்த விடுதலைச் சட்டத்துக்கும் குறைந்ததல்ல. அது கடனையே செத்துப்போனதாக அறிவிக்கிறது. கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவர் மேல் போடுகிறது. 1982-ல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்றது உச்ச நீதிமன்றம். 1984-ல் நீரஜா சவுத்ரி வழக்கில் இன்னும் ஒரு படி போனது. ஃபரிதாபாத் கல்குவாரிகளிலிருந்து விடுவிக்கப்பட்டு மத்தியப் பிரதேசத்துக்குத் திரும்பியவர்கள் மாதங்கள் கழித்தும் மறுவாழ்வு உதவி எதுவும் இல்லாமல் கிடந்த வழக்கு அது. மறுவாழ்வு தராமல் விடுவித்தால் பசி அவர்களைப் பழைய இடத்துக்கே கொண்டுபோகும் என்பதை நீதிபதி பகவதி தெளிவாகச் சொன்னார். எடிஸ்டோ தீவின் மக்கள் 1865-லேயே அறிந்திருந்த உண்மை.

ராமநாதபுரம் மாவட்டத்தில் இன்று முன்பணம் எங்கெல்லாம் நடமாடுகிறது என்று பாருங்கள். கமுதி, முதுகுளத்தூர், கடலாடிப் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டி, தூர் தோண்டி, மண்பூசி மூட்டம் போட்டுக் கரியாக்கும் வேலையில். விசைப்படகுகளில்: ஒரு படகில் அட்வான்ஸ் வாங்கிய தொழிலாளி வேறு படகுக்குப் போக வேண்டுமானால், புதிய முதலாளி பழைய பாக்கியை அடைக்க வேண்டும். கண்டிச்சீமைத் துண்டு முறையை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. எல்லா முன்பணமும் அடிமைத்தனம் ஆகாது. கடலுக்குப் போகிறவர் அட்வான்ஸ் வாங்கித்தான் வீட்டைப் பிழைக்கவைக்கிறார். ஓரளவு பேரம்பேசும் பலமும் அவரிடம் உண்டு. ஆனால், எது எல்லை என்பதற்கு ஒரே சோதனைதான்: இந்தப் பாக்கி நிற்கும்போது இவர் நாளைக்கே வேறிடம் போய்ச் சட்டப்படியான கூலிக்கு வேலை செய்ய முடியுமா? கரிமூட்டத்தின் ஓரத்தில் தார்ப்பாய்க்குள் பிள்ளைகளோடு தங்கியிருக்கும் குடும்பத்துக்குப் பெரும்பாலும் முடியாது என்பதே பதில்.

இன்னும் சங்கடமான ஒன்று ஆட்டுக்கிடை. கீதாரிகள் எனப்படும் ராமநாதபுரம், சிவகங்கை ஆட்டுமந்தைக்காரர்கள் அறுப்பு முடிந்த டெல்டா வயல்களில் கிடை போடப் போவது பழைய வழக்கம். டெல்டாவின் மண்ணுக்கு உரமும் அதுதான். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையும் கூரையையும் வாரிக்கொண்டு போனபின், டெல்டாவின் கூலிக் குடும்பங்கள் கடனுக்காகப் பிள்ளைகளை ஆடு மேய்க்க ஒப்படைத்த செய்திகளும், அந்தச் சிறுவர்களை அதிகாரிகள் மீட்ட செய்திகளும் வந்தன. இங்கே கடன் கொடுத்தவர் பண்ணையார் அல்லர். தாமும் வெயிலில் அலைந்து, இரவில் வரப்பில் படுக்கும் கீதாரி. இதைச் சொல்லி அவரைத் தப்பவிடுகிறவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. அவரும் ஏழை என்பது, பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளையின் வருடத்தை விலைக்கு வாங்க அவருக்கு உரிமை தந்துவிடாது. ஆனால் அவரைச் சிறையில் போட்டுவிட்டு, அந்தப் பிள்ளையை அனுப்பிய வீட்டைக் கஜாவுக்கு அடுத்த நாள் இருந்த நிலையிலேயே விட்டுவிட்டால், அடுத்த கிடைக்கு அடுத்த பிள்ளை.

அரசின் மறுவாழ்வுத் திட்டம் காகிதத்தில் பெரிதாகிக்கொண்டுதான் வந்திருக்கிறது. 1978-ல் தலைக்கு 4,000 ரூபாய், 2000-ல் 20,000, 2016-ல் வந்த மத்தியத் திட்டம் ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டு லட்சம், மிகக் கொடிய நிலைகளில் மூன்று லட்சம் என்றது. கையோடு தரும் உடனடி உதவி 20,000. பின்னர் அது 30,000 வரை உயர்த்தப்பட்டது. கணக்கு நன்றாகவே இருக்கிறது. உள்ளே ஒரு முடிச்சு இருக்கிறது: உடனடி உதவி போக மீதிப்பணம் முதலாளி மீதான வழக்கு முடிந்து தண்டனை கிடைப்பதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வழக்கு இழுக்கும். சாட்சி வேறு மாவட்டத்தில் பிழைப்புக்குப் போய்விடுவார். ஊரில் முதலாளியின் ஆள் வந்து சமாதானம் பேசுவார். தண்டனை கிடைக்காவிட்டால், கொத்தடிமையாக இருந்தார் என்று கோட்டாட்சியரே கையெழுத்திட்ட விடுவிப்புச் சான்றிதழ் கையில் இருந்தும், அந்த மனிதருக்கு மீதி இல்லை. முதலாளி தப்பியதற்கு அபராதம் தொழிலாளிக்கு. மிசிசிப்பியின் ஜனவரிச் சான்றுக்கும் இதற்கும் மனப்பான்மையில் அதிக தூரம் இல்லை: விடுபட்டவர்தான் எப்போதும் எதையாவது நிரூபிக்க வேண்டும்.

பணம் தீர்வில்லை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பணம் வேண்டும், அது முதல் வாரமே வேண்டும். முன்பணத்தின் பலமே அது அவசரத்துக்கு உடனே கிடைப்பதுதான். பிரசவத்துக்கும் பிணத்துக்கும் அன்றைக்கே கொடுப்பவர் முதலாளி. ஆறு மாதம் கழித்துக் கொடுப்பது அரசு. இந்தப் போட்டியில் அரசு ஜெயித்ததே இல்லை. கூடவே நிலம் வேண்டும். 1949-ல் ராமநாதபுரம் ஜமீனை அரசு எடுத்துக்கொண்டபோது நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டவர்களின் வரிசையில் பண்ணையாட்களின் பிள்ளைகள் கடைசியில் நின்றார்கள். இன்றைக்கு இந்த மாவட்டத்தில் கருவேலம் மூடிக் கிடக்கும் அரசுத் தரிசு உண்டு. சூரிய மின்நிலையங்களுக்குக் கமுதியில் ஆயிரக்கணக்கான ஏக்கர் ஒன்றுசேர்க்க முடிந்த ஊரில், விடுவிக்கப்பட்ட குடும்பத்துக்குப் பட்டாவோடு ஒரு வீட்டுமனையும் கொஞ்சம் புன்செயும் தேட முடியாது என்றால் நம்புவது கடினம்.

கரிமூட்டத் தொழிலை ஒழிக்க வேண்டும் என்றும் யாரும் கேட்கவில்லை. கருவேலத்தை வெட்ட நீதிமன்றமே உத்தரவிட்ட மாநிலம் இது; வெட்டும் வேலை இன்னும் பல்லாண்டுக்கு இருக்கும். கண்மாய்களில் உள்ள மரத்தை ஏலம் விடும்போது, எடுப்பவர் கூலியை வங்கிக் கணக்கில் போட வேண்டும், வேலையாட்களின் பெயர்ப்பட்டியலைத் தர வேண்டும், முன்பணப் பிடித்தம் கூடாது என்று ஏல நிபந்தனையிலேயே எழுதலாம். அதைவிட நல்லது, வெட்டுகிறவர்களின் குழுக்களுக்கே நேரடியாகக் கொடுப்பது. மத்திய அரசின் மீதித் தொகை தண்டனைக்காகக் காத்திருக்கும் காலத்தில், மாநில அரசு அதை முன்கூட்டியே தன் நிதியிலிருந்து கொடுத்துவிட்டுப் பிறகு வசூலித்துக்கொள்ளலாம். மாவட்டக் கொத்தடிமைக் கண்காணிப்புக் குழுவுக்கு இதைப் பரிந்துரைக்கும் அதிகாரம் ஏற்கெனவே இருக்கிறது. புதுச் சட்டம் தேவையில்லை. அரசாணை ஒன்று போதும்.